பட்டப்பகலில் எரியும் விளக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கதை

நம்மூர் சாலைகளில் ஒரு சைகை உண்டு. எதிரே வரும் பைக்கின் ஹெட்லைட் பகலில் எரிந்துகொண்டிருந்தால், வலது கை விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். "லைட் எரியுது, அணைச்சிடுப்பா" என்று அர்த்தம். முன்பின் தெரியாத ஒருவருடைய பேட்டரி மீது இத்தனை அக்கறை காட்டும் ஊர் வேறு எங்காவது இருக்குமா என்பது சந்தேகம்தான் :-)

2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் புதிதாக விற்கப்படும் இரு சக்கர வண்டிகளில் இஞ்சின் ஓடும் வரை ஹெட்லைட்டும் எரியும். அணைப்பதற்கு சுவிட்ச் கிடையாது. அதற்குப் பிறகும் அந்தச் சைகை உடனே ஓய்ந்துவிடவில்லை. பகலில் விளக்கு எரிந்தால் அது மறதி, இல்லையென்றால் வீண் என்பதுதான் காலம் காலமாக நம் மனதில் பதிந்த கணக்கு.

ஆனால் உலகின் வேறொரு மூலையில் 1970-களிலேயே இந்தக் கணக்கைத் தலைகீழாக மாற்றி எழுதிவிட்டார்கள். அங்கே பகலில் விளக்கு எரியாமல் போனால்தான் தப்பு. அந்த மாற்றம் உலகம் முழுக்கப் பரவியபோது ஒரு சிக்கல் வந்தது. புதுக் கார்கள் எல்லாம் விளக்கோடு பிறந்தன. ஏற்கனவே பிறந்துவிட்ட கார்கள் என்ன செய்யும்? அதிலும் ஹெட்லைட்டையே உடம்புக்குள் ஒளித்து வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் என்ன செய்யும்? அதுதான் இந்தக் கட்டுரை.

வடக்கே தாழ்ந்த சூரியன்

முதலில் சூரியனிடம் இருந்து தொடங்க வேண்டும். சென்னையில் டிசம்பர் மாத உச்சி வெயிலில்கூட சூரியன் அடிவானத்தில் இருந்து சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அதே நாளில் ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் நண்பகல் சூரியனின் உயரம் சுமார் 6 டிகிரி மட்டுமே. அதாவது மதியம் பன்னிரண்டு மணிக்கு நம்மூர் மாலை ஐந்தரை மணி மாதிரி இருக்கும். வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும், நிழல் நீளமாக விழும், சாலையின் இருபுறமும் இருண்ட ஊசியிலைக் காடு. அந்தப் பின்னணியில் சாம்பல் நிறக் கார் ஒன்று எதிரே வந்தால் கடைசி நேரம் வரை தெரியாது.

இரண்டு வழிச் சாலையில் முன்னே போகும் லாரியை முந்துவதற்காக ஒருவர் வெளியே எட்டிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி இருக்கிறதா, இல்லையா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? இந்த மூன்று கேள்விக்கும் ஓரிரு விநாடியில் பதில் தெரிய வேண்டும். பதில் தப்பானால் அடுத்தது நேருக்கு நேர் மோதல்.

ஃபின்லாந்து 1972-ல் ஒரு சட்டம் போட்டது. குளிர்காலத்தில், ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில், பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். 1982-ல் அதை ஆண்டு முழுவதற்கும் நீட்டித்தார்கள். 1997-ல் ஊருக்குள்ளும் கட்டாயமாக்கினார்கள். ஒரே அடியாக இல்லாமல் கால் நூற்றாண்டில் மூன்று படியாக ஏறியிருக்கிறார்கள்.

பக்கத்து நாடான ஸ்வீடன் 1977 அக்டோபரில் ஒரே தாவலாகத் தாவியது. எல்லா வண்டிகளும், எல்லாச் சாலைகளிலும், எல்லாப் பருவத்திலும். 1967-ல் நாடு முழுவதையும் ஒரே இரவில் இடது பக்கத்தில் இருந்து வலது பக்கம் ஓட்ட வைத்த தேசம் அது. விளக்கு விஷயம் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியிருக்காது. நார்வே 1985-ல் புதுக் கார்களுக்கும் 1988-ல் எல்லாக் கார்களுக்கும் விதித்தது. ஐஸ்லாந்து 1988, டென்மார்க் 1990 என்று வரிசை நீண்டது.

வோல்வோவும் சாபும் ஸ்வீடன் நாட்டுக் கம்பெனிகள். வோல்வோ 240 காரின் முன்பக்க ஓரத்தில் இருந்த பார்க்கிங் விளக்குக்கு உள்ளே 21 வாட் இழை ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். சாவியைத் திருப்பினால் அது எரியும். ஹெட்லைட் அளவுக்கு சாலைக்கு வெளிச்சம் தராது, ஆனால் எதிரே வருபவர் கண்ணில் படும். "பார்ப்பதற்கான விளக்கு", "பார்க்கப்படுவதற்கான விளக்கு" என்று இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன என்ற எண்ணம் காரின் உடம்பிலேயே இடம் பிடித்தது அப்போதுதான். டிஆர்எல் என்று இன்று சுருக்கமாகச் சொல்லப்படும் பகல் விளக்கின் பிறப்பு இது.

உண்மையிலேயே பலன் உண்டா?

இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடமாக சண்டை நடக்கிறது. ஃபின்லாந்து சட்டத்தை ஆராய்ந்த 1976 அறிக்கை, பகலில் பல வண்டிகள் சம்பந்தப்பட்ட விபத்துகள் சுமார் 21% குறைந்ததாகச் சொன்னது. ஸ்வீடனைப் பற்றிய 1981 அறிக்கை 11% என்றது. இந்த எண்களைக் காட்டித்தான் மற்ற நாடுகளில் சட்டம் கேட்டார்கள்.

1995-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த தேயுவெஸ், ரீமெர்ஸ்மா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஸ்வீடன் கணக்கை மறுபடி தோண்டினார்கள். கணக்குப் போட்ட முறையே சரியில்லை, அந்த எண்களை வைத்து பலன் இருக்கிறது என்று சொல்ல முடியாது என்று எழுதினார்கள். அடுத்த வருடமே நார்வேயின் ரூனே எல்விக், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அலசினார். பகல் விளக்கு போட்ட கார்களுக்கு, பகலில் மற்ற வண்டிகளோடு ஏற்படும் விபத்துகள் 10 முதல் 15 சதவீதம் வரை குறைகின்றன என்பது அவர் முடிவு. ஆக, பலன் பெரிதா சிறிதா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. நம் கண்ணின் நடுப்பகுதி மட்டுமே ஒரு பொருளைக் கூர்மையாகப் பார்க்கும். ஓரப்பகுதிக்கு உருவம் சரியாகத் தெரியாது. ஆனால் பளிச்சென்ற ஒரு புள்ளியோ அசைவோ வந்தால் உடனே மூளையைத் தட்டி எழுப்பும். பகல் விளக்கு செய்வது அந்தத் தட்டல்தான். பின்னணி மங்கலாக இருந்தால் தட்டல் பலமாக இருக்கும். கொளுத்தும் வெயிலில் பலவீனமாக இருக்கும். எனவே வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாட்டில் கிடைக்கும் பலன் அப்படியே வெப்ப நாட்டிலும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது சரியாக இருக்காது.

அட்லாண்டிக்கைத் தாண்டி

அமெரிக்காவில் 1961-லேயே டெக்சாஸ் மாநிலத்தில் பகலில் விளக்கு போட்டு ஓட்டச் சொல்லி ஒரு பிரசாரம் நடந்திருக்கிறது. ஆனால் அது பழக்கமாக வேரூன்றவில்லை. 1985-ல் அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, கம்பெனிகள் வைத்திருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தது. விளக்கு எரிந்த வண்டிகளுக்குப் பகல் நேர மோதல்கள் 7% குறைவு என்று வந்தது.

முதலில் செயலில் இறங்கிய நாடு கனடா. 1989 டிசம்பர் 1-க்குப் பிறகு தயாராகும் எல்லாப் புதுக் கார்களிலும் பகல் விளக்கு இருந்தாக வேண்டும் என்றது அந்த நாட்டுச் சட்டம். எப்படிச் செய்வது என்பதில் மட்டும் கம்பெனிகளுக்கு சுதந்திரம் கொடுத்தார்கள். டிம் லைட்டை எரியவிடலாம், பிரைட் லைட்டை வெளிச்சம் குறைத்து எரியவிடலாம், முன்பக்க இண்டிகேட்டரை மினுக்காமல் தொடர்ந்து எரியவிடலாம், பனி விளக்கைப் பயன்படுத்தலாம், அல்லது தனியாக ஒரு விளக்கே வைக்கலாம்.

இதில் செலவில்லாத வழி ஒன்று சுவாரசியமானது. இரண்டு பிரைட் லைட்டுகளையும் தொடர் இணைப்பில் மாட்டிவிடுவார்கள். பன்னிரண்டு வோல்ட் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு ஆறு வோல்ட் கிடைக்கும். வெளிச்சம் பல மடங்கு குறைந்து, கண் கூசாத அளவுக்கு இறங்கிவிடும். பள்ளிக்கூடத்து இயற்பியல் பாடம் அப்படியே சாலையில்!

அமெரிக்க அரசு 1993-ல் பகல் விளக்கை அனுமதித்தது. அனுமதி மட்டுமே, கட்டாயம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல்களில் தொடங்கி 1997-க்குள் தன் கார்கள் முழுவதற்கும் கொண்டுவந்தது. உடனே புகார்கள் குவிந்தன. பின்னால் வரும் வண்டியின் விளக்கு கண்ணாடியில் பட்டுக் கண் கூசுகிறது என்று மக்கள் எழுதித் தள்ளினார்கள். 7,000 கேண்டெலா வரை இருந்த அனுமதியை 1,500-க்குக் குறைக்கலாம் என்று 1998-ல் அரசு யோசித்தது, பிறகு 2004-ல் அந்த யோசனையையே கைவிட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் 2001-ல் எல்லாக் கம்பெனிக்கும் இதைக் கட்டாயமாக்கச் சொல்லி மனு போட்டது. அரசின் சொந்த ஆய்வு 2008-ல் வந்தது. லைட் டிரக், வேன் வகைகளில் இரண்டு வண்டி மோதல்கள் 5.7% குறைந்தன, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பலன் தெரியவில்லை என்றது. 2009-ல் மனு நிராகரிக்கப்பட்டது.

இமை மூடிய கார்கள்

இப்போது ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் வருவோம்.

ஹெட்லைட்டை ஒளித்து வைக்கும் யோசனை பழையது. 1936-ல் வந்த கார்ட் 810 என்ற அமெரிக்கக் காரில், கோர்டன் பியூரிக் என்ற வடிவமைப்பாளர் விளக்குகளை முன் மட்கார்டுக்குள் புதைத்துவிட்டார். அவற்றுக்கு மூலம் ஸ்டின்சன் விமானத்தின் தரையிறங்கும் விளக்கு. இரவு வந்தால் டாஷ்போர்டின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் கைப்பிடிகளைச் சுற்ற வேண்டும், விளக்குகள் மெல்ல வெளியே வரும்.

1962-ல் வந்த லோட்டஸ் ஈலான் இஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தைக் கொண்டு விளக்கை இயக்கியது. சேஸியின் முன்பக்கக் குறுக்குச் சட்டமே அந்த வெற்றிடத்தைச் சேமிக்கும் தொட்டி. குழாயில் எங்காவது கசிவு வந்தால் விளக்கு சொன்னபடி கேட்காது. பிறகு மின்மோட்டார் வந்தது. 1970, 80-களில் ஃபெராரி, போர்ஷே, டொயோட்டா, நிசான், மாஸ்டா என்று யாரைப் பார்த்தாலும் இதே வித்தை.

ஏன் இந்த மோகம்? அழகு ஒரு காரணம், காற்றைக் கிழிக்கும் கூர்மையான மூக்கு இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் சட்டம். 1940 முதல் 1983 வரை அமெரிக்காவில் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரியான, அரசு சொன்ன அளவிலான சீல்டு பீம் விளக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். அது தரையில் இருந்து சுமார் 2 அடிக்குக் குறையாத உயரத்திலும் இருக்க வேண்டும். தாழ்ந்த மூக்குள்ள காருக்கு அந்த உயரம் கிடையாது. சரி, தேவைப்படும்போது மட்டும் எழுந்து நிற்கட்டும் என்று முடிவு செய்தார்கள். பகலில் தூங்கி இரவில் விழிக்கும் கண்.

பகலில் தூங்குவதற்காகவே செய்யப்பட்ட விளக்கு! பகல் விளக்குச் சட்டம் வந்தபோது இந்தக் கார்கள் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுவே. டிம் லைட்டை எரியவிட வேண்டும் என்றால் நாள் முழுக்க இமையைத் திறந்து வைக்க வேண்டும். காற்றின் தடை கூடும், மோட்டார் தேயும், காரின் முகமே மாறிப்போகும். பிரைட் லைட்டைத் தொடர் இணைப்பில் மாட்டும் வித்தையும் இங்கே செல்லாது, விளக்கே மூடிக்குள் இருக்கிறதே!

1997-ல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் ஒரு வழி கண்டது. ஹெட்லைட் மூடியபடியே இருக்க, முன்பக்க இண்டிகேட்டர் விளக்குகள் பகல் முழுக்க மஞ்சளாக எரிந்தன. அந்த கார்வெட்டும் லோட்டஸ் எஸ்பிரிட்டும் 2004-ல் விடைபெற்றதோடு இமை மூடும் கார்களின் காலமே முடிந்தது.

ஒரு சின்னக் காரின் கதை

மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற கார் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. அமெரிக்காவில் அதன் பெயர் மியாட்டா. இரண்டு பேர் உட்காரலாம், எடை ஒரு டன்னுக்கும் குறைவு, மேல் கூரையை மடித்துவிடலாம், ஹெட்லைட் இரண்டும் தவளைக் கண் போல எழும்பும். முதல் தலைமுறையில் மட்டும் 4 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1998-ல் விற்பனைக்கு வந்த இரண்டாம் தலைமுறையில் இமைகள் போய் சாதாரண விளக்கு வந்துவிட்டது.

இந்தக் காரின் உயரம் ஒன்றேகால் மீட்டருக்கும் குறைவு. நம் அம்பாசடர் சுமார் 1.6 மீட்டர். அதாவது அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால் அதன் கண்ணாடி ஜன்னல் உயரத்துக்குத்தான் மியாட்டாவின் கூரையே வரும். கூரையை மடித்துவிட்டால் இன்னும் தாழ்வு. 1989-ல் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, அன்று சாலையில் இருந்த கார்களும் தாழ்வாகவே இருந்தன. பிறகு எஸ்யூவிகளின் காலம் வந்தது. உயரமான இருக்கையில் உட்கார்ந்து நீளமான பானெட்டுக்கு மேலாகப் பார்ப்பவருக்கு, பக்கத்து லேனில் வரும் இந்தக் குட்டிக் கார் பார்வையிலேயே படாமல் போகலாம்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி 7 முதல் புதிய கார் மாடல்களுக்குப் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. 2012 ஆகஸ்டில் லாரி, பஸ்களுக்கும். பழைய கார்கள் புதிதாகப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனவே சட்டப்படி அவற்றுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

ஆனால் சாலை சட்டப் புத்தகம் இல்லையே. யாருமே விளக்கு போடாத சாலையில் விளக்கில்லாத கார் மற்றவர்களுக்குச் சமம். பத்தில் ஒன்பது பேர் விளக்கோடு வரும் சாலையில் அதே கார் பின்தங்கிவிடுகிறது. கார் மாறவில்லை, சுற்றி இருப்பவை மாறிவிட்டன. எதிரே வருபவரின் மூளை "விளக்கு என்றால் வண்டி" என்று பழகிவிட்டால், விளக்கு இல்லாத இடத்தில் "வண்டி இல்லை" என்று முடிவு செய்வது எளிது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் தாங்களாகவே பகல் விளக்கு பொருத்தத் தொடங்கியதன் பின்னணி இந்த பயம்தான்.

டைனமோ போட்ட கணக்கு

"சும்மா ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். இமை இல்லாத பழைய காருக்கு அது முடியும். ஆனால் அங்கே வேறு சிக்கல்.

1962-ல் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்வோம். ஆரம்ப ஆண்டுகளில் அதில் ஆல்டர்னேட்டர் இல்லை, லூகாஸ் கம்பெனியின் டைனமோதான். அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் இஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. சிக்னலில் நிற்கும்போது அதனிடம் இருந்து கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு ஹெட்லைட், ஆளுக்கு 55 வாட், ஆக 110. பின்விளக்கு, பார்க்கிங் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு 30. மொத்தம் 140 வாட், பன்னிரண்டு வோல்ட்டில் சுமார் 12 ஆம்பியர். டைனமோ தருவதில் பாதிக்கும் மேல் விளக்குக்கே போய்விடும். நகர நெரிசலில் நின்று நின்று போனால் பேட்டரிதான் பாக்கியைக் கட்ட வேண்டும்.

அதோடு அந்தக் காலத்துக் கார்களில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகும், நடுவில் ரிலே கிடையாது. நாள் முழுக்க எரியவிட்டால் அறுபது வருடப் பழைய சுவிட்ச் சூடாகும். "லைட் எரியுது, அணைச்சிடுப்பா" என்ற நம்மூர் அக்கறைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. டைனமோ காலத்து வண்டிகளுக்கு அது சரியான அறிவுரை.

எல்இடி வந்தது, வழி பிறந்தது

2004-ல் ஆடி ஏ8 காரின் பன்னிரண்டு சிலிண்டர் மாடலில் எல்இடி பகல் விளக்கு வந்தது. அதன் பிறகு பகல் விளக்கு ஒரு அலங்காரமாகவே மாறியது. தூரத்தில் வரும்போதே என்ன கம்பெனி கார் என்று விளக்கின் வடிவத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

பழைய கார்களுக்குக் கிடைத்த வரம், அலங்காரம் அல்ல, மின்சாரக் கணக்கு. ஒரு ஜோடி எல்இடி பகல் விளக்குக்கு 20 வாட்டுக்குள் போதும். 12 ஆம்பியர் இருந்த இடத்தில் 2 ஆம்பியருக்கும் குறைவு. டைனமோவும் தாங்கும், பழைய வயரிங்கும் தாங்கும்.

பொருத்தும் வேலை கடினமானதல்ல, ஆனால் யோசித்துச் செய்ய வேண்டியது. விளக்கு சாவி திருப்பினால் எரிய வேண்டும், ராத்திரி பார்க்கிங் லைட் போட்டதும் அணைய வேண்டும். இதற்கு ஐந்து கால் ரிலே ஒன்று போதும். சாவி வழி வரும் மின்சாரத்தை, ஒரு ஃபியூஸ் போட்டு, ரிலேயின் பொதுக் காலுக்குக் கொடுக்க வேண்டும். ரிலே சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் காலில் இருந்து பகல் விளக்குக்கு வயர் போகும். ரிலேயின் காயிலை பார்க்கிங் லைட் வயரோடு இணைத்துவிட்டால், அந்த லைட் எரிந்த உடனே காயில் இழுத்துப் பகல் விளக்கைத் துண்டித்துவிடும்.

எம்ஜிபி போன்ற காருக்கு ஒரு பொறி இருக்கிறது. 1967 வரை வந்த எம்ஜிபிக்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். சாதாரண பல்புக்கு திசை கிடையாது, எப்படி மாட்டினாலும் எரியும். எல்இடி அப்படியில்லை. வழக்கம்போல உடம்பில் எர்த் கொடுத்தால் எரியாது, சில சமயம் உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் போய்விடும். உலோக உறை போட்ட விளக்காக இருந்தால் உறை உடம்பில் பட்டு ஷார்ட் ஆகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த விளக்கு வாங்குவது என்பதிலும் விதி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை எண் 87-ன்படி பகல் விளக்கு 400 முதல் 1,200 கேண்டெலாவுக்குள் இருக்க வேண்டும், நிறம் வெள்ளை. அங்கீகாரம் பெற்ற விளக்கின் கண்ணாடியில் "ஆர்எல்" என்ற குறியீடு இருக்கும். தரையில் இருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 1.5 மீட்டருக்கு மேல் போகாமலும் பொருத்த வேண்டும், இரண்டுக்கும் நடுவே பொதுவாக 60 செ.மீ. இடைவெளி வேண்டும். குட்டி மூக்குள்ள காரில் இந்த இடைவெளிக்கு இடம் தேடுவதே தனி வேலை. கண்டதைத் துளைத்தால் பழைய காரின் மதிப்பும் போகும். அதனால் பலர் பம்பருக்குக் கீழே, காற்று போகும் வாய்க்குள், ஒரு ஓட்டைகூடப் போடாமல் கிளாம்ப் வைத்து மாட்டுகிறார்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம்.

மியாட்டா போன்ற கார்களுக்கு கார்வெட் காட்டிய இண்டிகேட்டர் வழியும் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மஞ்சள் நிறப் பகல் விளக்கு செல்லும், ஐரோப்பாவில் செல்லாது. அந்த வழியில் ஒரு குறையும் உண்டு. எப்போதும் எரியும் மஞ்சள் விளக்கு, திரும்பும்போது மினுக்குவது அவ்வளவு பளிச்சென்று தெரியாது. தன்னைக் காட்டப் போய், தான் எங்கே திரும்பப் போகிறோம் என்பதை மறைத்துவிடக் கூடாது.

எதிர்ப்பாளர்களும் இருக்கிறார்கள்

பகல் விளக்குக்கு மிகக் கடுமையான எதிர்ப்பு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இருந்து வந்தது. அதில் நியாயம் இருக்கிறது. கார்கள் விளக்கு போடாத காலத்தில் பகலில் எரியும் ஒற்றை விளக்கு என்றால் அது பைக். ஒல்லியான வண்டிக்கு அதுதான் ஒரே கவசம். எல்லாக் காரும் விளக்கு போட்டால் அந்த ஒற்றைப் புள்ளி கூட்டத்தில் கரைந்துவிடும். நடந்து போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் விளக்கே கிடையாது, அவர்கள் கதி என்ன?

ஆஸ்திரியா 2005 நவம்பரில் எல்லாக் கார்களும் பகலில் விளக்கு போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. இந்தக் கவலைகள் வலுத்ததால் 2008 ஜனவரி 1 முதல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு நாடு பாதுகாப்புச் சட்டம் ஒன்றைப் போட்டு, இரண்டே வருடத்தில் "வேண்டாம்" என்று சொன்னது அபூர்வம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்காரரின் நிலையும் பைக்காரரின் நிலையும் ஒன்றுதான் என்று கவனித்துப் பார்த்தால் தெரியும். இருவரும் சின்னவர்கள், தாழ்ந்தவர்கள், பெரிய வண்டிகள் தங்களைப் பார்க்காமல் போய்விடுமோ என்று பயப்படுபவர்கள். ஒருவர் தானும் விளக்கு பொருத்திக் கூட்டத்தில் சேர்கிறார். இன்னொருவர் கூட்டம் விளக்கு போடாமல் இருந்தால் நல்லது என்கிறார். இருவரும் கேட்பது "என்னைப் பார்" என்ற ஒன்றைத்தான்.

முன்னே வெளிச்சம், பின்னே இருட்டு

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பகல் விளக்கு முன்பக்கம் மட்டுமே எரியும். மாலை மயங்கும் நேரத்தில் முன்னே லேசாக வெளிச்சம் தெரிவதைப் பார்த்து, விளக்கு போட்டாயிற்று என்று நினைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பின்விளக்கு எரியாது, பின்னால் வருபவருக்கு அந்தக் கார் ஒரு கறுப்புப் பள்ளம் மாதிரி. முப்பது வருடம் இந்தத் தொல்லையைப் பார்த்த கனடா, 2021 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்கு விதியைத் திருத்தியது. பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லையென்றால் ஓட்டுபவருக்குத் தெரியும்படி டாஷ்போர்டு இருட்டாக இருக்க வேண்டும்.

பழைய காரில் பகல் விளக்கு பொருத்துபவர்கள் மறந்துவிடும் பாடம் இது. அவர்கள் காரில் தானியங்கி வசதி எதுவும் கிடையாது. இருட்டினால் கையால்தான் சுவிட்சைத் திருப்ப வேண்டும். முன்னால் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு பின்னால் மறைந்துபோகக் காரணமாகிவிடக் கூடாது.

ஆறு டிகிரி சூரியனுக்குக் கீழே ஃபின்லாந்துக்காரர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. ஓட்டுபவருக்கு சாலை தெரிகிறதா என்று மட்டும் கேட்டால் போதுமா, சாலையில் இருப்பவர்களுக்கு அவர் தெரிகிறாரா என்றும் கேட்க வேண்டாமா? இமை மூடித் தூங்கும் பழைய கார் ஒன்றின் மூக்குக்குக் கீழே, யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டிய இரண்டு சின்ன எல்இடி விளக்குகள் அந்தக் கேள்விக்கான பதில். இனி பகலில் விளக்கோடு வரும் வண்டியைப் பார்த்தால், விரலைக் குவித்து விரிப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்கலாம். அது எவ்வளவு தூரத்தில் வரும்போதே நம் கண்ணில் பட்டது என்று.